கோகு ரசிகர்களும் டான்ஜிரோ ரசிகர்களும்

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசைல காலேஜ் பசங்க, பின்னாடி குழந்தைய மடில வச்சிருக்குற அண்ணன்மார் அக்காமார், ஜப்பான் கார்ட்டூனான அனிமே பத்தி பேசுறதுக்கு சென்னைல இப்படி ஒரு கூட்டம் சேர்றத பார்க்கவே சந்தோஷமா இருக்கு. ‘உன் ஹீரோ யாரு’ன்னு கேட்டா வர்ற பதில்ல ஒருத்தரோட வயசு ஓரளவு தெரிஞ்சிடும், ஆனா அதவிட அவங்க எதுக்கு ஏங்குனாங்கன்னு தெரியும், அதத்தான் இன்னிக்கு பேசப் போறேன்.

கோகுவ எடுத்துக்கோங்க. டோரியாமா 1984ல வரைய ஆரம்பிச்ச அவனோட கதை டிராகன் பால், நம்ம வீட்டு கேபிள் டிவிக்கு வந்து சேர்றப்ப 2000 தாண்டிருச்சு. யூனிஃபார்ம் கூட மாத்தாம டிவி முன்னாடி உக்காந்த பசங்க யாரும் கோகுவ தன்னோட சேர்த்து வச்சுப் பார்க்கலன்னுதான் நினைக்குறேன், அவன் அண்ணாந்து பார்க்க வேண்டிய ஆளு, ரஜினிய முதல் நாள் முதல் ஷோல பார்த்து விசிலடிக்குற மாதிரி.

நருட்டோ வந்தப்பதான் இது அப்படியே மாறுச்சு. கிஷிமோட்டோ 1999ல இருந்து 2014 வரைக்கும் வரைஞ்ச கதை. ஹீரோவுக்கு அப்பா அம்மா இல்ல, ஊரே ஒதுக்கி வச்சிருக்கு, பரீட்சைல ஃபெயில் வேற, மத்த பசங்கள அவங்க வீட்டு ஆளுங்க தட்டிக் கொடுக்குறப்ப இவன் ஊஞ்சல்ல தனியா உக்காந்து பார்த்துட்டு இருப்பான். மார்க்க வச்சே மனுஷன எடை போடுற வீட்டுல வளர்ந்த ஒரு கடைசி பெஞ்ச் பையன் அந்த சீன பார்த்தா ‘டேய் இது நான்தான்டா’ன்னு சொல்லாம வேற என்ன சொல்லுவான்?

‘டீமன் ஸ்லேயர்’ கதையோட ஹீரோ டான்ஜிரோ இன்னும் கிட்ட வர்றான். கரி வித்து குடும்பத்த காப்பாத்துன மூத்த பிள்ளை, ஒரே ராத்திரில குடும்பமே போயிடுது, மிஞ்சுனது அரக்கியா மாறுன தங்கச்சி மட்டும். ஒரு சண்டைல உடம்பெல்லாம் வலிக்குறப்ப, நான் மூத்தவன்ங்குறதாலதான் இத தாங்குறேன்னு மனசுக்குள்ள சொல்லிப்பான், அத ஜப்பான்காரங்களுக்கு மட்டும் எழுதுனதுன்னு யாராவது சொல்ல முடியுமா? தம்பி ஃபீஸுக்காக டிகிரி முடிச்ச கையோட ஓஎம்ஆர்ல வேலைக்கு சேர்ற அக்காவுக்கும் அது அவ வாழ்க்கை. 2025 செப்டம்பர்ல அந்தக் கதையோட படம் ‘இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் டப்லயே தியேட்டருக்கு வந்துச்சு, அந்த வலி நம்ம மொழிலயே காதுல விழுந்துச்சு.

சீனியர்களுக்கு ஒண்ணு சொல்லணும். உங்கள்ல நிறைய பேர் இப்போ திரும்பப் பார்க்குறப்ப கோகுவ விட பிக்கோலோ மேல கண்ணு போகுது, இல்லையா? எதிரியா இருந்த கோகுவோட புள்ள கோஹான தூக்கிட்டுப் போய் வளர்த்து, கடைசில நாப்பாங்குற வில்லன் அடிச்ச அடிய அவனுக்காக தன் மேல வாங்கிக்குறான். நருட்டோவோட வாத்தியார் இருகா சாரும் அப்படித்தான், அவரோட அப்பா அம்மாவ கொன்ன ஒன்பது வால் நரி யாருக்குள்ள அடைஞ்சு கிடக்குதோ அந்தப் பையனுக்காகவே முதுகுல ஆயுதத்த வாங்குனாரு. சின்ன வயசுல நாம கவனிக்காம தாண்டிப்போன ஆளுங்க இவங்க, நம்ம மடில ஒரு குழந்தை வந்ததும்தான் கண்ணுக்குத் தெரியுறாங்க. அதனால ‘எங்க காலத்து ஹீரோதான் ஹீரோ’ன்னு ஜூனியர்ஸ்கிட்ட மல்லுக்கட்டுறது எனக்கு சுத்தமா பிடிக்கல, அவங்க ஏக்கம் வேற, அவ்ளோதான்.

சரி, இனி உங்க நேரம். ஹீரோ பேர மட்டும் சொல்லிட்டு உக்காராதீங்க, எந்த சீன்ல அவன் உங்க ஆளா ஆனான்னு சொல்லுங்க. மைக் பின் வரிசைல இருந்து வரும், அந்த அக்கா முதல்ல பேசட்டும்.