யானைக் கழுத்தில் ஜிபிஎஸ்: புள்ளிகள் சொல்லும் வழித்தடம்

(காட்சி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வரைபடம். பாலக்கோட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.)

2023 பிப்ரவரி. பாலக்கோடு பகுதியில் பயிர்களை மேய்ந்துவந்த மக்னா ஒன்றை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, வனத்துறையினர் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கழுத்தில் ரேடியோ காலர், அதாவது இருக்குமிடத்தைத் தெரிவிக்கும் கருவி பொருத்திய பட்டை, மாட்டி, லாரியில் ஏற்றி, ஆனைமலைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். யானை அங்கே தங்கவில்லை. மாதம் முடிவதற்குள் கோவை மாநகரம் வரை நடந்து வந்துவிட்டது. மறுபடி பிடித்து வேறு இடத்தில் விட்டார்கள். ஜூலை இறுதியில் மூன்றாம் முறையாகவும் பிடிக்க வேண்டியதாயிற்று.

காலர் மாட்டியும் என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். யானையைத் தடுத்து நிறுத்துவது காலரின் வேலையே இல்லை. யானை எந்த வழியாகப் போகிறது என்பதை அது சொல்லும். அதைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்.

(காட்சி: பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள். கீழே காடு.)

வானத்திலிருந்து செயற்கைக்கோள் யானையைக் கண்காணிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். யானை ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள், தாங்கள் இருக்கும் இடத்தையும் அந்த நொடியின் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்புகின்றன. காலர் அதைக் கேட்கிறது, அவ்வளவே. சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது.

சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருகிறது. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் தவறிவிடும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. யானையின் கழுத்தில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். இடத்தைக் கணிக்க மூன்று செயற்கைக்கோள்கள் போதும் என்றாலும், இந்தக் கடிகாரப் பிழையைச் சரிசெய்ய நான்காவதாக ஒன்று தேவைப்படுகிறது. அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் மேலகிரி மலையின் இடுக்குகளிலும் நான்கும் சரியாகக் கிடைக்காதபோது வரைபடத்தில் யானையின் இடத்தைக் காட்டும் புள்ளி தள்ளி விழும். சில வேளை விழவே விழாது.

கணித்த இடத்தை அலுவலகத்துக்கு அனுப்புவது தனி வேலை. செல்போன் கோபுரம் வழியாக அனுப்பும் காலர், சிக்னல் இல்லாத காட்டில் தகவலைச் சேமித்துவைத்து, கோபுரம் எட்டியதும் மொத்தமாக அனுப்பும். ஆய்வுக்கு அது போதும். அஞ்செட்டிப் பக்கம் பரணில் இரவெல்லாம் காவல் இருக்கும் விவசாயிக்கு மூன்று மணி நேரம் பிந்திய தகவலால் ஒரு பயனும் இல்லை. வேறு செயற்கைக்கோள் வழியாக அனுப்பும் காலர்களும் உண்டு, செலவு கூடும்.

(காட்சி: ஓசூர் - கிருஷ்ணகிரி தேசிய நெடுஞ்சாலை, இரவு. வரைபடத்தில் சாலைக்கு இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி.)

இப்போது புள்ளிகளைப் படிக்கப் பழகுவோம். இது ஓர் உதாரணம். இரவு 9 மணிக்கு யானை சாலைக்கு மேற்கே இருக்கிறது. 10 மணிக்குக் கிழக்கே. இரண்டையும் கோட்டால் இணைத்துப் பாருங்கள்: ஒன்றரை கிலோமீட்டர். யானை அவ்வளவுதான் நடந்ததா? நேர்கோடு என்பது மிகக் குறைந்த தூரம். அது வளைந்து வந்திருக்கலாம், சாலையோரம் லாரிகளுக்கு அஞ்சி அரை மணி நேரம் நின்றிருக்கலாம். எந்த இடத்தில் கடந்தது என்பதும் தெரியாது. நமக்குத் தெரியவேண்டியதோ அந்த ஒரே இடம்தான்.

கால் மணிக்கு ஒரு புள்ளி எடுத்தால் படம் தெளிவாகும். ஆனால் நாளுக்கு 24 புள்ளிகள் 96 ஆகும். பேட்டரி வேகமாகத் தீரும். மாற்ற வேண்டுமானால் மறுபடியும் மயக்க ஊசி. அது யானைக்கும் ஆபத்து, ஆட்களுக்கும் ஆபத்து. அதனால் வரைபடத்தில் ஒரு எல்லை வரைந்து, யானை அதைத் தாண்டியதும் அடிக்கடி புள்ளி எடுக்கும்படி காலரை அமைக்கிறார்கள். அதே எல்லையை வைத்து வனக் காவலர்களின் கைபேசிக்கு எச்சரிக்கையும் அனுப்பலாம்.

எல்லா யானைக்கும் காலர் தேவையில்லை. கூட்டத்தில் வளர்ந்த பெண் யானை ஒன்றுக்கு மாட்டினால் கூட்டத்தின் பாதையே தெரிந்துவிடும். ஆண் யானைகள் தனியாகச் சுற்றுபவை. அவற்றுக்குத் தனியாக மாட்ட வேண்டும்.

(காட்சி: பன்னார்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு நோக்கி அம்புக்குறிகள்.)

ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் தறுவாயில், ராகி கதிர் முற்றும் நேரத்தில், கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைகள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருகின்றன. முதுமலையில் 1990களில் ரேடியோ காலர் மாட்டி ஆராய்ந்தபோது, ஒரு கூட்டம் 500 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் நடமாடுவது தெரியவந்தது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தின் மொத்தப் பரப்பே சுமார் 504 சதுர கிலோமீட்டர்தான். யானைகள் வெளியே வருகின்றன என்று குறைசொல்லுமுன் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கத் தவறினால் என்ன ஆகும் என்பதையும் அதே 2023 காட்டியது. மார்ச் மாதம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பின. சில நாட்களிலேயே கம்பைநல்லூர் அருகே ஏரி மேட்டில் ஏறிய ஆண் யானை, தாழ்வாகச் சென்ற உயரழுத்த மின்கம்பியில் பட்டு விழுந்து இறந்தது.

(காட்சி: யானைத் தடப் புள்ளிகளின் மேல் மின்பாதை வரைபடம் பொருந்துகிறது.)

யானையின் தடத்தையும் மின்பாதை வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எந்தக் கம்பியை முதலில் உயர்த்த வேண்டும் என்பது பளிச்சென்று தெரியும். வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், அதனால் யானை இந்த நிமிடம் நிற்கும் இடத்தை ஊரறியச் சொல்லக் கூடாது. கடக்கும் இடங்களின் பட்டியலை மின்வாரியத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஊராட்சிகளுக்கும் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. ராகி அறுவடைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.