மூன்று மடல் இலை

நடுவர் அவர்களே, பெரம்பூர்ப் பெருமக்களே, வணக்கம். தோட்டம் போடுபவருக்குக் கைகொடுப்பது ஊர்ப்பெயரா, அறிவியல் பெயரா? நான் அறிவியல் பெயரின் பக்கம்.

எனக்கு முன் பேசிய அம்மா, "கீரைக்காரம்மாவிடம் லத்தீன் பேச முடியுமா?" என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். அங்கே கீரையைக் கண்ணால் பார்த்து வாங்குகிறோம். பெயரை மட்டும் நம்பி வாங்கும்போதுதான் ஏமாறுகிறோம். நான் ஏமாந்தேன்.

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் பைகளில் கீரை வளர்க்கிறேன். மாமியாருக்குச் சமைத்துக் கொடுக்க, ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி கேட்டு வாங்கினேன். மஞ்சள் பூ பூத்தது, மாடியெல்லாம் படர்ந்தது. இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிப் பறித்து அலசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டில் சித்த மருத்துவம் படிக்கும் பெண் இலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை அடுப்பில் ஏத்தாதீங்க" என்றாள்.

நான் கேட்ட மஞ்சள் கரிசலாங்கண்ணியின் அறிவியல் பெயர் ஸ்பாக்னெடிகோலா கலெண்டுலேசியா. வந்தது ஸ்பாக்னெடிகோலா ட்ரைலோபேட்டா. ட்ரைலோபேட்டா என்றால் மூன்று மடல் உடையது, அதாவது இலை மூன்று பிரிவாக இருக்கும் என்று பொருள். அடையாளத்தைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், ஐயா! என் கையிலிருந்த இலையிலும் மூன்று மடல். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த கொடி அது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இடம்பெற்றது. அதைத்தான் என் மாமியார் தட்டில் வைக்க இருந்தேன்.

"அறிவியல் பெயரும் மாறுகிறதே" என்றார்கள். மாறுகிறது. கலெண்டுலேசியாவே முன்பு வெடேலியா சைனென்சிஸ்தான். ஆனால் பழைய பெயரும் பதிவில் இருப்பதால் அதைத் தேடினாலும் புதுப் பெயருக்கு வந்து சேரலாம். ஊர்ப்பெயருக்கு அப்படி ஒரு பதிவேடு ஏது? வடக்கே பல இடங்களில் பிரம்மி என்றால் வல்லாரை. நமக்கோ பிரமி என்றால் நீர்ப்பிரமி, அது வேறு செடி. அமெரிக்காவில் நம் பெண்கள் மல்லிகை நினைப்பில் வாங்கும் ஸ்டார் ஜாஸ்மின், அரளிக் குடும்பத்துச் செடி.

அந்நியப் பெயர் என்றும் சொன்னார்கள். அதுதான் எனக்கு வலித்தது. முருங்கையை உலகமே மொரிங்கா ஒலிஃபெரா என்கிறது. மொரிங்கா யார் வீட்டுச் சொல்? நம் முருங்கைதானே!

மஞ்சள் கரிசலாங்கண்ணி வளர்ப்பவர்கள் இங்கே இருந்தால், வீட்டுக்குப் போனதும் இலையைப் பாருங்கள். மூன்று மடல் இருந்தால் சமைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.