தொல்லியல் எடுத்தால் என்னதான் படிப்போம்? பகானின் இரண்டு கற்கள் சொல்லும் பதில்

[திரையில்: பகான் சமவெளி, செங்கல் கோயில்கள். பிறகு மைங்கபா கிராமத்துத் தெரு.]

வணக்கம். மெட்ரிக் ரிசல்ட் வந்ததும் பர்மாத் தமிழர்களான நம் வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மார்க் நிறைய வந்தால் டாக்டர், கொஞ்சம் குறைந்தால் என்ஜினியர், அதற்கும் கீழே போனால் "ஏதாவது ஒண்ணு". தொல்லியலும் பழைய மொழிகளும் அந்தக் கடைசிக் கணக்கில்தான் சேரும். ரங்கூன் பல்கலைக்கழகத்திலும் மண்டலேயிலும் தொல்லியல் துறை இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. பாடத்திட்டத்தை வரிசையாக வாசித்தால் தூக்கம்தான் வரும். அதனால் பழைய தலைநகரான பகானுக்குத் தெற்கே, மைங்கபா என்ற இந்த ஒரே ஊரில் கிடைத்த இரண்டு கற்களை மட்டும் பார்ப்போம்.

[திரையில்: நான்கு முகமுள்ள கல்தூண்.]

முதலாவது மியசேடி கல்வெட்டு. நான்கு பக்கம், நான்கு மொழி: பாலி, மொன், பர்மியம், பியூ. சேதி மட்டும் ஒன்றுதான். சாகக் கிடந்த தன் தந்தை சான்சித்தா அரசருக்காக மகன் ராஜகுமார் பொன்னில் புத்தர் சிலை செய்துவைத்தார். பியூ பேச இன்று யாரும் இல்லை. ஆனால் பாலி படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் 1911இல் பிளாக்டன் என்ற அறிஞர் பியூவைப் படிக்க வழி கண்டார். ஐரோப்பாவில் செவ்வியல் படிப்பென்றால் கிரேக்கம், லத்தீன். இங்கே அந்த இடத்தில் பாலியும் மொன்னும் பியூவும் இருக்கின்றன.

இந்தக் கல்லின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்? கி.பி. 1113 என்று அதில் எங்கும் பொறிக்கவில்லை. புத்தருக்குப் பின் 1628 ஆண்டு கழிந்து அரசர் பட்டத்துக்கு வந்தார், 28 ஆண்டு ஆண்டபின் நோயில் விழுந்தார் என்றுதான் இருக்கிறது. இங்குள்ள பௌத்தக் கணக்கில் புத்தர் மறைந்தது கி.மு. 544. சரி, கழித்துப் பாருங்கள்: 1628இல் 544 போக 1084. அதோடு 28ஐக் கூட்டினால் 1112. மாதங்களையும் பார்த்து 1112-13 என்று எழுதுவார்கள். இரண்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் எந்தச் சகாப்தத்திலிருந்து எண்ணுகிறோம் என்பது தெரியாவிட்டால் அரசரை அவர் தாத்தா காலத்துக்கே அனுப்பிவிடுவோம்.

[திரையில்: தமிழ், கிரந்த எழுத்துகள் கொண்ட கல்வெட்டின் மைப்படி.]

இரண்டாவது கல், நம்முடையது. தொடக்கத்தில் கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிச் சுலோகம், முகுந்தமாலை என்ற திருமால் துதியில் வருவது. பிறகு தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்தைச் சேர்ந்த, அதாவது கேரளத்தின் இன்றைய கொடுங்கல்லூர்க்காரரான குலசேகர நம்பி என்பவர், இங்கிருந்த நானாதேசி விண்ணகரம் என்ற திருமால் கோயிலுக்கு மண்டபமும் கதவும் அணையா விளக்கும் கொடுத்தார். நானாதேசி என்பது கடல் கடந்து வியாபாரம் செய்த வணிகர் கூட்டம். இந்தக் கல்லில் ஆண்டே இல்லை. பின்னே எப்படி 13ஆம் நூற்றாண்டு என்கிறார்கள்? எழுத்தின் வடிவத்தை வைத்துத்தான். வளைவும் சுழியும் காலத்தோடு மாறும். ஆண்டு தெரிந்த மற்றக் கல்வெட்டுகளின் எழுத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது.

மைப்படி, அதாவது கல்வெட்டை மையால் தாளில் பதித்து எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்குவார்கள். ஈரம் கொஞ்சம் வற்றியதும் துணிப்பொதியில் மை தொட்டு மேலே ஒற்றுவார்கள். தாள் கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். பொதியில் மை கூடினால் குழியிலும் இறங்கிவிடும், அப்புறம் எழுத்தும் தெரியாது ஒன்றும் தெரியாது.

[திரையில்: வரைபடம். பெகு, கெடா.]

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். பெகுவில் கிடைத்த இரண்டு கருங்கல் தூண்களை, கடாரம் கொண்ட ராஜேந்திர சோழனின் வெற்றித் தூண்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதினார்கள். நம்மவர்களுக்குக் கேட்கக் கேட்க இனிக்கும் கதை. 1918இல் பிரெஞ்சு அறிஞர் செதேஸ், சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயம் என்ற கடல் அரசு பற்றி எழுதிய பிறகு, கடாரம் என்பது மலேசியாவின் கெடா பக்கம் என்று ஆகிவிட்டது. பெகு கதை விழுந்தது. இன்னும் அதையே மேடையில் பேசுகிறவர்கள் உண்டு, கைதட்டலும் கிடைக்கிறது. தொல்லியல் படிக்கப் போகிறவர் தனக்குப் பிடித்த கதையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். என்னைக் கேட்டால் இந்தப் படிப்பின் பெரிய லாபமே இதுதான்.

அகழாய்வு தனிப் பாடம். மண்ணடுக்கு, பானை ஓடு, கரிமக் காலக் கணிப்பு எல்லாம் அதில் வரும். புரோமில், அதாவது பியேயில், இதற்கென்றே ஒரு களப்பள்ளி இருக்கிறது. பக்கத்திலேயே ஸ்ரீ சேத்திரா, 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய மூன்று பியூ நகரங்களில் ஒன்று. அங்கே கின்பா மேட்டில் 1926-27இல் தோண்டியபோது இருபது பொன் ஏடுகள் கிடைத்தன. எழுதியிருப்பது பாலி, எழுத்தின் சாயல் தென்னிந்தியா. கிரந்தமும் பல்லவர் கால எழுத்தும் பழகிய மாணவருக்கு அந்த ஏடு அவ்வளவு அந்நியமாகத் தெரியாது.

சம்பளம்? ஒளிக்காமல் சொல்கிறேன், பணம் சேர்க்கும் படிப்பு இல்லை இது. அரசுத் துறை, அருங்காட்சியகம், ஆசிரியர் வேலை, சுற்றுலா வழிகாட்டி, இவ்வளவுதான் பெரும்பாலும். பர்மியம் நன்றாக எழுத வரவேண்டும், ஆங்கிலமும் வேண்டும். கோயில் வகுப்பில் படித்த தமிழ் மட்டும் போதாது. ஆனால் அது இல்லாதவர்கள் தொட முடியாத ஆய்வுத் தலைப்புகள் இந்த நாட்டில் கிடக்கின்றன. கீழ்ப் பர்மா ஊர்களில் நம் கோயில்களின் நன்கொடைக் கற்கள், தமிழர் கல்லறை எழுத்துகள், செட்டியார்களின் கணக்கேடுகள். 1930களின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, கடனுக்கு ஈடாக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. அந்த வரலாற்றை அவர்கள் எழுதிய தமிழிலேயே படிக்க ஆள் வேண்டும்.

தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்க் கோயில் நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டு, அடுத்த திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்குள் சுவரில் பதித்த கற்களைப் போட்டோ எடுத்துவிடுங்கள். காலையிலோ மாலையிலோ, வெயில் சாய்வாக விழும்போது எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்க மறக்க வேண்டாம்.