சொல்லாமல் விட்ட இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

திரைப்படங்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்தபோது, நான் விமர்சகனும் அல்லன், திரைத்துறையைச் சேர்ந்தவனும் அல்லன், சீட்டு வாங்கிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஓர் ஆள் மட்டுமே என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்றார்கள். ஆகவே இனி நான் சொல்லப்போவதெல்லாம் ஒரு ரசிகனின் சொந்த அபிப்பிராயங்கள். மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

என்னிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்த்த படத்தைப் பற்றி அன்றே எதுவும் எழுதமாட்டேன். ஒரு வாரம் கழித்து, அந்தப் படத்தில் எது இன்னும் கண்ணைவிட்டு அகலாமல் நிற்கிறதோ அதை மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பேன். அரங்கில் நானும் சேர்ந்து கைதட்டிய பல படங்களுக்கு அந்த நோட்டில் பெயரும் தேதியும் தவிர வேறொன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவ்வளவு பிரமாதமாகத் தோன்றியவை ஏழே நாளில் எங்கே போயினவோ தெரியவில்லை. இந்த உரைக்காக அந்தக் குறிப்புகளைப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. பேய்ப்படமோ குடும்பப்படமோ, எனக்குள் தங்கிய காட்சிகளில் பெரும்பாலானவற்றில் இயக்குநர் ஏதோ ஒன்றைக் காட்டாமலோ சொல்லாமலோ என் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

பேய்ப்படங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவற்றோடுதான் எனக்குச் சண்டை அதிகம். முதல் பத்து நிமிடத்திலேயே பேயை முழு உருவமாகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் ஒலிபெருக்கியின் துணையோடு நம்மைத் திடுக்கிட வைப்பவற்றைப் பயமுறுத்தும் படங்கள் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. காதருகே பலூனை உடைத்தாலும் உடம்பு தூக்கிவாரித்தான் போடும். எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றுக்காகக் காத்திருக்கும்போது வருவதே பயம். 1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'ஜாஸ்' பேய்ப்படம் அன்று என்றாலும் இதற்கு நல்ல சான்று. அதில் வரும் சுறா ஏறத்தாழ 80 நிமிடம் வரை முழுதாகக் கண்ணில் படுவதே இல்லை. படப்பிடிப்புக்கென்று செய்த இயந்திரச் சுறா கடலின் உப்புநீரில் அடிக்கடி பழுதாகிப்போனதால், சுறா இல்லாமலே சுறாவைக் காட்ட வேண்டிய நெருக்கடி இயக்குநருக்கு ஏற்பட்டது. ஜான் வில்லியம்ஸின் இசையில் இரண்டே ஸ்வரங்கள் மாறி மாறி ஒலிக்கும், கேமரா நீர்மட்டத்தோடு நகரும், சுறாவின் மேல் ஈட்டி பாய்ச்சிக் கயிற்றில் பிணைத்த மஞ்சள் பீப்பாய் ஒன்று அசையாத கடலில் தானாக ஓடத் தொடங்கும். வெறும் பீப்பாயைப் பார்த்து நாற்காலியின் கைப்பிடியை நான் இறுகப் பற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் சுறா படகின் மேலேயே ஏறி வாயைப் பிளந்தபோது, உண்மையைச் சொன்னால், என் பயம் பாதியாகக் குறைந்தது. ரப்பர் தெரிந்துவிட்டது.

இந்த வித்தையை இதைவிடச் சிக்கனமாகச் செய்து காட்டிய காட்சி ஒன்று தமிழில் அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது, அதுவும் ஒரு நகைச்சுவைப் படத்தில். 1964-இல் வெளிவந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' படத்தில், 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' என்று கம்பெனி வைத்துப் படம் எடுக்கத் துடிக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷும், தந்தை விஸ்வநாதனாக டி. எஸ். பாலையாவும் நடித்திருப்பார்கள். தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை மகன் தந்தைக்குச் சொல்கிறான். திகில் கதை. காட்சியில் பேயும் இல்லை, இருட்டு மாளிகையும் இல்லை, இரண்டே மனிதர்கள். நாகேஷ் குரலை ஏற்றி இறக்கி, வாயாலேயே சத்தங்களை எழுப்பிக் கதையை நடத்திக்கொண்டு போகிறார். காட்சி நாகேஷுடையது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் வெகுகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அடுத்த முறை பார்க்க வாய்த்தால் நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். மகன் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பெரிய மனிதரின் கண்களிலும் தாடையிலும் தோளிலும் விழுந்து அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையாக்கிக்கொண்டு வருகிறது. கதை என்னவோ ஒரு கோப்பில்லாத கதைதான். கேட்பவர் நம்பிவிடுகிறார் என்பதால் அது திகிலாகவும், நாம் நம்பவில்லை என்பதால் அதே நொடியில் சிரிப்பாகவும் ஆகிறது. ஒலிச்சித்திரமாக இதை வானொலியில் கேட்டும் சிரித்திருக்கிறேன். பாலையாவின் முகத்தை அப்போது நானே வரைந்துகொள்ள வேண்டியிருந்தது.

நகைச்சுவைப் படங்களைப் பற்றிய என் மனக்குறையும் இந்த இடத்திலிருந்தே பிறக்கிறது. 'இதோ, இப்போது சிரியுங்கள்' என்று பின்னணி இசையே கூவி அழைப்பதும், வேடிக்கை பேசியவரைச் சுற்றியுள்ள துணை நடிகர்கள் நமக்கு முன்னாலேயே சிரித்து முடிப்பதும் எனக்கு எரிச்சலைத் தருகின்றன. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்த அதே 1931-இல், பேசும் படங்கள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தபோது, சாப்ளின் பிடிவாதமாகப் பேசாத படமாகவே 'சிட்டி லைட்ஸ்' படத்தை வெளியிட்டார். போக்குவரத்து நெரிசலில் போலீஸ்காரரின் கண்ணில் படாமல் தப்புவதற்காக, நின்றுகொண்டிருக்கும் ஒரு பெரிய காரின் ஒரு கதவு வழியாக ஏறி மறு கதவு வழியாகச் சாப்ளின் நடிக்கும் நாடோடி நடைபாதையில் இறங்குகிறான். கதவு சாத்தப்படும் ஓசையைக் கேட்ட பார்வையற்ற பூக்காரப் பெண், இறங்கியவர் பணக்காரர் என்று எண்ணிப் பூவை நீட்டுகிறாள். கீழே விழுந்த பூவை அவள் கைகளால் துழாவும்போதுதான் அவளுக்குக் கண் தெரியாது என்பது அவனுக்குப் புரிகிறது. அதற்குள் காரின் உண்மையான சொந்தக்காரர் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட, மீதிச் சில்லறையை வாங்காமலே அந்தக் கனவான் போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். அவன் ஓசைப்படாமல் விரல் நுனியில் நடந்து, அருகே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவள் பூச்சாடியைக் கழுவிய தண்ணீரை அவன் முகத்திலேயே வீசுகிறாள்.

நாம் கேட்காத ஓர் ஓசையின் மேல் முழுக்கதையும் நிற்கிறது என்பதை எண்ணும்போது இன்றும் வியப்பாக இருக்கிறது. அவர்கள் சந்திக்கும் இந்தச் சில நிமிடங்களுக்காகச் சாப்ளின் 300 தடவைக்கு மேல் படம்பிடித்தார். பூக்காரி அவனைப் பணக்காரன் என்று எப்படி நினைத்தாள் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் அவர் நெடுநாள் திண்டாடியிருக்கிறார். விடையாகக் கிடைத்தது ஒரு கார்க் கதவு. காதலும் ஏமாற்றமும் அசட்டுத்தனமும் கலந்த அந்தக் காட்சியில் இந்த இடத்தில் சிரி, இந்த இடத்தில் அழு என்று எந்தக் கைகாட்டியும் இல்லை. தண்ணீர் முகத்தில் விழுந்தபோது நான் சிரித்தேன், பக்கத்து இருக்கையில் இருந்தவர் சிரிக்கவில்லை.

துப்பறியும் படங்களுக்கு வருகிறேன். கொலையாளி யார் என்பதை மட்டுமே நம்பி எடுக்கப்பட்ட படத்தை இரண்டாம் முறை பார்க்க முடியாது என்பது என் அனுபவம். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' அதற்கு விதிவிலக்கு. 1954-இல், பாட்டு இல்லாமல் தமிழில் படம் உண்டா என்று கேட்கக்கூடிய காலத்தில், ஒரு பாடல்கூட இல்லாமல் வந்த படம் அது. அதை இயக்கியவர் பெரிய வீணைக் கலைஞர் என்பது எனக்கு எப்போதும் சுவையாகப் படுகிறது. சங்கீதம் தெரிந்தவருக்குத்தான் எங்கே அதை நிறுத்த வேண்டும் என்பதும் தெரியும்போலும். சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் பாத்திரம் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறது. கதாநாயகனை முதல் காட்சியிலேயே கொன்றுவிடும் துணிச்சலைப் பாருங்கள்! பிறகு விசாரணையில் ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல, செத்தவன் வெவ்வேறு மனிதனாக எழுந்து வருகிறான். சுட்டவர் யார் என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. படம் வந்து 70 ஆண்டுகள் கடந்துவிட்டன என்றாலும், இன்னும் பார்க்காத நேயர் ஒருவராவது இருப்பார். விடை தெரிந்தபின் மறுபடியும் பார்த்தபோது, நான் வசனங்களைக்கூடச் சரியாகக் கவனிக்காமல், பிறர் பேசும்போது அந்த ஒருவரின் முகம் என்ன செய்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வையில் அது துப்பறியும் படமாகவே இல்லை, துயரப் படமாக மாறிவிட்டது.

பாட்டே இல்லாத படத்தைப் புகழ்ந்தவன் இசைப்படங்களை வெறுப்பவன் என்று எண்ணிவிடாதீர்கள். கதை நடந்துகொண்டிருக்கும்போது ஆடை மாற்றிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போய் ஆடிவிட்டு வரும் பாடல்கள்தான் எனக்கு ஒவ்வாதவை. பேச முடியாத ஒன்றைப் பாட்டு பேசுமானால் அதற்கு ஈடு கிடையாது. ஏ. பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968-இல் வந்தது. காயம்பட்டுத் தேறிய நாதசுர வித்வானிடம் நலம் விசாரிக்க நாட்டியக்காரி துடிக்கிறாள். நடுவே ஒரு சபையே உட்கார்ந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னிலையில் கேட்கக்கூடாத கேள்வியை அவள் பாட்டாகவும் அபிநயமாகவும் கேட்கிறாள், அவர் நாதசுரத்தில் பதில் சொல்கிறார். சபைக்கு அது கச்சேரி, அவர்கள் இருவருக்கும் அந்தரங்கப் பேச்சு. கண்ணதாசனின் வரிகள், கே. வி. மகாதேவனின் இசை, பி. சுசீலாவின் குரல், திரைக்குப் பின்னால் மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரம், முன்னால் பத்மினியும் சிவாஜியும் என்று இத்தனை பேர் சேர்ந்து ஒரே ஒரு 'நலமா'வைக் கேட்டிருக்கிறார்கள்.

சண்டைப் படங்களில் மட்டும் என் கட்சி தலைகீழாகிவிடுகிறது. அங்கே எதையும் மறைக்கக்கூடாது என்பேன். கை ஓங்கியது ஒரு துண்டு, அடி விழுந்தது ஒரு துண்டு, ஆள் பறந்தது ஒரு துண்டு என்று வெட்டி ஒட்டினால் யார் யாரை அடித்தார் என்பதே விளங்குவதில்லை. 1928-இல் வந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து, பேசாப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் மேல் விழும். மாடிச் சன்னலின் திறந்த இடைவெளி சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குவதால் அவர் பிழைத்துக்கொள்வார். உண்மையான சுவர், உண்மையான மனிதர், வெட்டாத ஒரே காட்சித்துண்டு. ஓரடி தள்ளி நின்றிருந்தால் அவரது கதை முடிந்திருக்கும். இவ்வளவு முழுமையாகக் காட்டப்பட்ட காட்சியும் என் நோட்டில் இடம்பிடித்திருக்கிறது என்பதால், என் கொள்கையை எல்லாப் படங்களுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போர்ப்படங்களில் குண்டு வெடிப்பதைப் பார்த்து அரங்கம் விசிலடிக்கும்போது, அந்தப் படம் போருக்கு எதிரானது என்ற அறிவிப்பை நான் நம்புவதில்லை. வாழ்க்கை வரலாற்றுப் படங்களில் எல்லாப் பெரிய மனிதர்களும் ஒரே மாதிரி பிறந்து, ஒரே மாதிரி அவமானப்பட்டு, ஒரே மாதிரி வெல்கிறார்கள். அறிவியல் புனைவில் 1968-இன் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' ஒன்றே எனக்குப் போதும். விண்வெளியில் ஒலி பரவக் காற்று இல்லை என்ற பள்ளிக்கூடப் பாடத்தை மதித்து, ஸ்டான்லி குப்ரிக் அங்கே வெடிச்சத்தம் எதையும் போடவில்லை. தலைக்கவசத்துக்குள் ஒரு மனிதன் மூச்சுவிடும் ஓசை மட்டும் நெடுநேரம் கேட்கும்.

குடும்பப் படங்களில்தான் அடக்கம் மிகவும் தேவைப்படுகிறது, மிகவும் அரிதாகவும் இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவி 1979-இல் மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' படத்தின் முடிவில், கொடுமைகள் பல செய்தவனை ஊர் கூடி ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன் என்ற பொருளில் அவன் சில சொற்கள் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறான். கரையில் அவன் பிள்ளைகள் நிற்கிறார்கள். கெட்டவன் ஒழிந்தான் என்று மகிழ எனக்கு வாயே வரவில்லை.

கடைசியாக ஒரு பிராயச்சித்தம். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953-இல் வந்தது, இளவயதில் எனக்குப் போட்டுக் காட்டப்பட்டபோது நான் தூங்கிப்போனேன். வயதான தம்பதியர் பிள்ளைகளைப் பார்க்க நகரத்துக்கு வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறாள். தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்திலேயே கேமரா நின்றுவிடுகிறது, நகருவதே அபூர்வம். 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று அன்று வெளியே வந்து அலுத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் பார்த்தபோதுதான், அவர்களின் இரயில் பயணமும், திரும்பும் வழியில் தாய் நோய்ப்பட்டதும் திரையில் காட்டப்படவே இல்லை, பிறர் பேச்சிலிருந்து மட்டுமே நமக்குத் தெரியவருகின்றன என்பதைக் கவனித்தேன். முடிவில் கிழவர் கையில் விசிறியோடு தனியே அமர்ந்திருக்கிறார். சன்னலோரமாகப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், தனியாக இருந்தால் பொழுது நீண்டுபோகும் என்று சிரித்தபடி சொல்கிறார். அவள் போய்விடுகிறாள். விசிறி மெல்ல அசைகிறது. முதல் முறை பார்த்தபோது எந்த இடத்தில் கண் அயர்ந்தேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்த அம்மாள் உயிரோடு இருந்த காட்சிகள் முழுவதையும் நான் தூங்கியே கழித்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.