மூணு பேர், ரெண்டு பெடல்: சிலியைப் பிடிச்ச சோடா ஸ்டீரியோ

வணக்கம் மக்களே! இன்னிக்கு சோடா ஸ்டீரியோ. 1982-ல பியூனஸ் அயர்ஸ்ல ஆரம்பிச்ச அர்ஜென்டினா பேண்ட். குஸ்தாவோ செராத்தி பாட்டும் கிட்டாரும், ஸீட்டா போஸியோ பேஸ், சார்லி அல்பெர்ட்டி டிரம்ஸ்.

1987 பிப்ரவரியில பக்கத்து நாடான சிலிக்குப் போய், வின்யா தெல் மார் இசைவிழாவுல வாசிச்சாங்க. அப்போ அங்க பினோசேயோட ராணுவ ஆட்சி. சிலியோட சொந்த பேண்ட் லாஸ் பிரிஸியோனெரோஸ் ஆட்சியைக் குத்திப் பாடினதால டிவி பக்கமே விடல. சோடாவோட பாட்டுல நேரடி அரசியல் கிடையாது, அதனால டிவி வழியா வீட்டுக்குள்ளயே வந்துட்டாங்க. அந்த அலைக்கு 'சோடாமேனியா'ன்னே பேரு.

முதல்ல பரவுனது அவங்களோட உப்பின முடி ஸ்டைல். அது ஸ்ப்ரேயால மட்டும் நிக்காது. காய்ஞ்ச முடியைச் சின்னக் கத்தையாப் பிரிச்சு, நுனியை இழுத்துப் பிடிச்சு, சீப்பை வேர்ப்பக்கமா உள்ள தள்ளணும். அப்புறம் வேர்ல ஸ்ப்ரே. தலையில எண்ணெய் இருந்தா அஞ்சு நிமிஷத்துல படுத்துரும்.

ஆனா என்னைக் கேட்டா நிலைச்சு நின்னது அந்த கிட்டார் சத்தம்தான். பாடிக்கிட்டே வாசிக்கிற ஒரே கிட்டார், பெரிய அரங்கத்தை நிரப்பணும். அதுக்குத்தான் கோரஸ், டிலேன்னு ரெண்டு பெடல், கால்ல அமுக்கி கிட்டார் சத்தத்தை மாத்துற பெட்டிங்க. கோரஸ் என்ன பண்ணும்? உங்க சத்தத்தோட ஒரு நகலைச் சுமார் 20 மில்லிசெகண்ட் தள்ளி, சுருதியை லேசா ஆட்டி, மூலத்தோட கலக்கும். ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரி கேக்கும். ரேட்டை (ஆட்டத்தோட வேகம்) குறைச்சு வைங்க, டெப்த் (ஆட்டத்தோட அளவு) பாதி போதும். கூட்டுனா சுருதி விலகின மாதிரி இருக்கும்.

அடுத்து டிலே, வாசிச்சதைக் கொஞ்சம் தள்ளி எதிரொலியாத் திருப்பித் தரும். எவ்வளவு தள்ளணும்னு பாக்க 60,000-ஐ பிபிஎம்-ஆல (நிமிஷத்துக்கு எத்தனை தாளத்தட்டு) வகுங்க. 120 பிபிஎம்னா 500 மில்லிசெகண்ட், அதுல முக்கால் 375. அதை வைச்சா நீங்க விடுற இடைவெளியில எதிரொலி வந்து விழும். ரெண்டு மூணு தடவை திரும்புனா போதும், மிக்ஸ் (எதிரொலியோட பங்கு) 30 சதவீதம்.

எங்க சொதப்பும்னா, டிஸ்டார்ஷனை (சத்தத்தைக் கரகரப்பாக்குற பெடல்) டிலேக்குப் பின்னாடி மாட்டினா எதிரொலியெல்லாம் ஒண்ணா நசுங்கிடும், அதனால முன்னாடி மாட்டுங்க. ஆறு கம்பியும் அடிச்சா சகதிதான், மேல் ஸ்தாயி மூணு கம்பி போதும், கீழே பேஸ் பாத்துக்கும். டிரம்மர் வேகம் மாறுனா எதிரொலி தாளத்தோட முட்டும். கிளிக் (ஒரே வேகத்துல தட்டுற மெட்ரோனோம் சத்தம்) கேட்டுத்தான் வாசிக்கணும்.

காசில்லாத மூணு பசங்க சேர்ந்தாலும் எட்டுற சத்தம் இது! 1991-ல சான்டியாகோவுல ஆரம்பிச்ச லூசிபெல் பேண்டோட கிட்டாரைக் கேளுங்க, செராத்தியோட நிழல் தெரியும். செராத்தியே 1993-ல சான்டியாகோவுக்குக் குடிபோயிட்டாரு.

1986-ல வந்த 'சிக்னோஸ்' ஆல்பத்தை ஹெட்போன்ல கேட்டுட்டு, கோரஸ் எங்க ஏறுது, டிலே எங்க விழுதுன்னு நிமிஷக் கணக்கோட கமென்ட்ல போடுங்க.