தட்டு வருவதற்கு முன்னால்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உணவகத்தில் சாப்பிட்டு உடம்பு கெட்டால் பொறுப்பு யாருடையது? இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. உடல் பருமனுக்கும் அதையொட்டி வந்த நோய்களுக்கும் உணவுதான் காரணம் என்று 2002-ல் நியூயார்க்கில் சிறார்கள் சார்பில் மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குத் தொடுத்தார்கள். 2003 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் அதைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய உணவை அளவுக்கு மீறிச் சாப்பிட்டால் கேடு என்பது ஊரறிந்த சங்கதி, தெரிந்தே சாப்பிட்டவர் கடையைக் குறை சொல்ல முடியாது என்றார். அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார். வீட்டுச் சமையலில் புழங்காத பல பொருள்கள் சேர்ந்த கோழித்துண்டுகளை எடுத்துக்காட்டி, சாப்பிடுகிறவருக்குத் தெரிய வழியில்லாத ஆபத்து என்றால் கணக்கு மாறும் என்றார். 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதிக்கு மறுபடி உயிர் கொடுத்தது.

இந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: பொறுப்பை அளக்கும் கோல், தெரிந்துகொள்ள முடிந்ததா என்பது. ஆகவே எது நமக்குத் தெரியும், எது தெரியாது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம்.

மேசையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குப் படாதவற்றில் முதலாவது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 14 கிராம், சுமார் 120 கலோரி. அது ஒரு கரண்டி விழுந்ததா மூன்று கரண்டி விழுந்ததா என்பது தட்டைப் பார்த்தால் தெரியாது. பொரித்த பண்டத்தில் இது இன்னும் சிக்கல். எண்ணெய் 175 முதல் 180 டிகிரி சூட்டில் இருந்தால், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த வேகம் எண்ணெயை உள்ளே விடாது. கூட்ட நேரத்தில் கூடை நிறையக் கொட்டிப் பொரித்தால் சூடு சட்டென்று இறங்கும், மேல்தோல் மொறுமொறுப்பாகக் கட்டாது, நேரம் இழுக்கும், எண்ணெய் ஏறும். இதில் பலர் அறியாத ஒரு விஷயம்: எண்ணெயில் பெரும்பங்கு உள்ளே போவது வெளியே எடுத்த பிறகுதான். பண்டம் ஆறும்போது உள்ளிருக்கும் நீராவி குளிர்ந்து சுருங்கி, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. எடுத்த உடனே, சூடாக இருக்கும்போதே கூடையை நன்றாக உதறி வடிய விடுகிற சமையலறைக்கும், அப்படியே தட்டில் கொட்டுகிற சமையலறைக்கும் இங்கேதான் வித்தியாசம். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெட்டியாகும். கெட்டியான எண்ணெய் எளிதில் வடியாது. அது கறுத்திருக்கும், குறைந்த சூட்டிலேயே புகையும், அடங்காத நுரை கட்டும். இவையெல்லாம் சமையல்காரர் கண்ணில் படுபவை. இதற்குச் சாப்பிடுகிறவரைப் பொறுப்பாளி ஆக்குவது நியாயமே இல்லை.

இரண்டாவது உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு, கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. உணவகத்தில் உப்பு ஒரே தடவையில் விழுவதில்லை. இறைச்சி ஊறும்போது ஒருமுறை, முன்கூட்டியே செய்து வைத்த குழம்புக் கலவையில் ஒருமுறை, புட்டியிலிருந்து ஊற்றும் சாஸில் ஒருமுறை, கடைசியில் மேலே தூவும்போது ஒருமுறை. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொருவர் கை. மொத்தத்தை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இனிப்போ புளிப்போ சேர்ந்துவிட்டால் நாக்குக்கும் அது பிடிபடாது. சூப் லேசான உணவு என்று நினைத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இந்த உப்பில்தான்.

சட்டம் தலையிட வேண்டியது இந்த இடத்தில் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் வைத்திருக்கும் நிறுவனங்கள் 2018 முதல் உணவுப் பட்டியலில் கலோரி அளவை அச்சிட வேண்டும். இங்கிலாந்தில் 250 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்களுக்கு 2022 ஏப்ரலில் அதே கட்டாயம் வந்தது. நியூயார்க் நகரம் 2015-ல், உப்பில் இருக்கும் சோடியம் 2,300 மில்லிகிராமைத் தொடும் பண்டத்துக்குப் பக்கத்தில் உப்புக்குடுவை அடையாளம் போடச் சொல்லிற்று. அந்த எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் எடை வரும்: ஒரே பண்டத்தில் ஏறத்தாழ ஐந்தே முக்கால் கிராம், அதாவது நாள் வரம்புக்கும் மேல்!

சரி, நம் பங்குக்கு வருவோம். அதுவும் சின்னது அல்ல.

பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கு ஒரே உணவை வெவ்வேறு நாட்களில் 500 கிராமிலிருந்து 1,000 கிராம் வரை வைத்தார்கள். மிகப் பெரிய பரிமாறலின்போது, மிகச் சிறியதைவிட சுமார் 30 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் வயிறு நிறைந்த உணர்வு எல்லா நாளும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. "வயிறு சொல்லும்போது நிறுத்திக்கொள்கிறேன்" என்று வயிற்றை நம்பி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தட்டு முன்னால் வந்த பிறகு மன உறுதியைத் தேடுவது பிந்திப்போன காரியம். முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட வேண்டும்.

எப்படி? ஒருவேளை உணவைத் தவிர்த்து, "சேர்த்து அங்கே சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று போகாதீர்கள். கடும்பசியில் கண்தான் ஆர்டர் கொடுக்கும். பட்டியல் இணையத்தில் இருந்தால் வீட்டிலிருந்தே தீர்மானித்துவிட்டுப் போங்கள். சிறிய அளவு இருந்தால் அதைக் கேளுங்கள். போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கத் தடையில்லை. பெரிய அளவு மட்டுமே உண்டு என்றால், பாதியைக் கட்டித்தரும்படி உணவு வந்தவுடனே கேளுங்கள். சாப்பிட்டு மிச்சத்தைக் கட்டுவோம் என்றால் பெரும்பாலும் மிச்சம் இருக்காது. கட்டிய பாதி இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

பானம்தான் மிக எளிதில் விடக்கூடியது. சர்க்கரை சேர்த்த கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 500 மில்லிக் கோப்பையில் 50 கிராம். 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒருநாள் உச்சவரம்பு அதோடு முடிந்தது. "கொஞ்சம் கூடக் கொடுத்தால் பெரிய கோப்பை" என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு முழுக்க முழுக்க நம்முடையதுதான். இதில் மறைபொருள் எதுவும் இல்லை.

சாலட் வாங்குகிறவர்கள் அதன்மேல் ஊற்றும் சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியே 90 கலோரிக்கு மேல். முள்கரண்டி நுனியைச் சாஸில் தொட்டு, பிறகு இலையைக் குத்தி எடுத்தால் ருசி குறையாது, கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

ஒரு எச்சரிக்கை: "எண்ணெய் குறைவாக, உப்பு குறைவாக" என்று பொதுவாகச் சொன்னால் பலன் இராது. முன்பே கலந்து வைத்த குழம்பிலிருந்து யாரும் உப்பைப் பிரித்தெடுக்க முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இதில் எது இப்போது புதிதாகச் செய்வது, எது முன்பே கலந்தது?" புதிதாகச் செய்வதில் உங்கள் சொல் செல்லும்: மேலே தூவும் உப்பு வேண்டாம், இறுதியில் போடும் வெண்ணெய் வேண்டாம், பொரிப்பதற்குப் பதில் சுட்டுத் தாருங்கள். முன்பே கலந்தது என்று பதில் வந்தால், அந்தப் பண்டத்தைப் பாதி அளவில் வாங்குங்கள், அல்லது வேறொன்றுக்குப் போங்கள்.