வெட்டிப் போட்ட மூலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பால் பண்ணையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 27 வருடம் வேலை பார்த்தவன் நான். பண்ணை என்றதும் மாடுகளை நினைத்துவிடாதீர்கள். எங்கள் பேச்சில் பால் பண்ணை என்றால் டேங்கரில் பால் வந்து இறங்கி, சூடாகி, குளிர்ந்து, பாக்கெட்டாகி வெளியே போகும் தொழிற்சாலை. அங்கே நான் மாட்டைப் பார்த்ததே இல்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு ஒரு போன். தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா. “சார், உங்க பால் அடுப்புல வெச்சதுமே திரிஞ்சுபோச்சு. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கு.” மன்னிப்புக் கேட்டுவிட்டு, “பாக்கெட் ஓரத்துல ஒரு நம்பர் இருக்கும், அதைக் கொஞ்சம் படிங்கம்மா” என்றேன். பாக்கெட் குப்பைக் கூடைக்குப் போயிருந்தது. பாவம், தேடி எடுத்துவந்தார். “பாதி நம்பர்தான் சார் இருக்கு. மீதி, கத்தரிக்கோலால வெட்டின மூலையோட போயிடுச்சு.”

அந்தப் பாதி நம்பரை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில், ஒரு பாக்கெட் பால் எங்கிருந்து வந்தது என்று எப்படித் தேடிப் போகிறோம் என்பதைப் பார்ப்போம். பாக்கெட்டிலிருந்தே தொடங்கலாம்.

நம் வீடுகளில் பாலை நிறத்தைச் சொல்லித்தான் கேட்கிறோம். நீலம் ரெண்டு, ஆரஞ்சு ஒன்று. ஆனால் நிறம் நிறுவனங்களின் பழக்கம், சட்டம் கேட்பது பெயரை. டோன்ட் பால் என்று அச்சிட்டால் குறைந்தது 3 சதவீதம் கொழுப்பும், கொழுப்பு நீங்கலான திடப்பொருள், அதாவது எஸ்.என்.எஃப், 8.5 சதவீதமும் இருக்க வேண்டும். நிலைப்படுத்திய பால் என்றால் 4.5, 8.5. நிறை கொழுப்புப் பால் என்றால் 6, 9. ஒரு நிறுவனத்தின் பச்சை இன்னொரு நிறுவனத்தின் பச்சையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெயரைப் படியுங்கள்.

பெயருக்காக நாம் சண்டை போட்டதும் உண்டு. 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் ‘தஹி’ என்று போட்டு, தயிர் என்பதை அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னது உணவுப் பாதுகாப்பு ஆணையம். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எழுந்த எதிர்ப்பைப் பார்த்து, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே உத்தரவை மாற்றிக்கொண்டது. தயிர் தப்பித்தது!

பாக்கெட்டில் ஒரு 14 இலக்க எண்ணும் இருக்கும். அதுதான் உணவுப் பாதுகாப்பு உரிம எண். மத்திய உரிமம் வாங்கிய பெரிய ஆலை என்றால் 100 என்று ஆரம்பிக்கும். தமிழ்நாட்டின் மாநில உரிமம் என்றால் 124. அதற்கு அடுத்த இரண்டு இலக்கம் உரிமம் வாங்கிய வருடம். பல ஊர்களில் ஆலை வைத்திருப்பவர்கள் எல்லா முகவரிகளையும் அச்சடித்து, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்திருப்பார்கள். பேட்ச் எண்ணில், அதாவது ஒரே தொகுதியாகத் தயாரான பாலுக்குப் போடும் எண்ணில், அந்த எழுத்து இருந்தால் பால் எந்த ஊர் ஆலையில் பாக்கெட்டானது என்பது தெரிந்துவிடும்.

எந்த மாட்டின் பால் என்று தெரியுமா? தெரியாது, தெரியவும் முடியாது. ஒரு கூடை மாம்பழத்தை எந்தத் தோப்பில் பறித்தது என்று பிரித்து வைக்கலாம். பால் கலந்துவிடும். கிராமத்துச் சங்கத்தில் ஒவ்வொருவர் ஊற்றும் பாலுக்கும் கொழுப்பும் எஸ்.என்.எஃப்பும் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த நிமிடம் அது கேனிலோ, பல்க் கூலர் என்கிற குளிரூட்டும் தொட்டியிலோ ஊரார் பாலோடு சேர்ந்துவிடுகிறது. டேங்கரில் பல ஊர்ப் பால், ஆலையின் சைலோவில், அதாவது பெரிய சேமிப்புத் தொட்டியில், பல டேங்கர்ப் பால். ஒவ்வொரு கலப்பிலும் தடம் அகலமாகிறது. ஆகவே பின்னால் திரும்பிப் போகும்போது நமக்குக் கிடைப்பது ஒரு மாடு அல்ல, ‘இந்த இத்தனை ஊர்’ என்ற ஒரு பட்டியல்தான்.

அந்தப் பட்டியல் எங்கே முடிகிறது? வெளியாட்கள் யாரும் கேட்காத கேள்வி இது. பதில், கழுவுவதில் இருக்கிறது. சைலோவைக் காலி செய்து, காஸ்டிக் சோடாவும் அமிலமும் சுடுதண்ணீரும் விட்டுக் கழுவினால்தான் ஒரு பேட்ச் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. பாதி காலியான சைலோவிலேயே அடுத்த டேங்கரை இறக்கினால், நேற்றைய பாலில் கொஞ்சம் இன்றைய பாலிலும், இன்றையது நாளையதிலும் போய்க்கொண்டே இருக்கும். பாக்கெட்டில் தேதி மாறும், பேட்ச் எண் மாறும், உள்ளே சங்கிலி அறுந்திருக்காது. ஏதாவது வம்பு வந்தால் எதைத் திரும்பப் பெறுவது? அதனால் நான் எந்த ஆலைக்குப் போனாலும் முதலில் கேட்பது கழுவின நேரம் எழுதும் புத்தகத்தை.

2024 ஆகஸ்டில் ஏ2 பால் விவகாரம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஏ1, ஏ2 என்பவை பாலில் உள்ள ஒரு புரதத்தின் இரண்டு வகைகள். அவற்றை லேபிளில் போடுவதை எடுக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 21-ஆம் தேதி அறிவித்தது, 26-ஆம் தேதி அதைத் திரும்பப் பெற்றது. உடம்புக்கு எது நல்லது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு ஒரே சந்தேகம். அந்தப் பாலுக்குத் தனிக் கேன், தனி டேங்கர், தனி சைலோ இருந்ததா? அதற்குப் புத்தகம் காட்டினால் லேபிளை நம்புவேன்.

இதைவிடச் சிக்கலானது மறுபதப்படுத்தல். ஒருமுறை செய்த பொருளையே திரும்பக் கரைத்து வேறொன்றாக்குவது. நியூசிலாந்தின் ஃபான்டெரா நிறுவனத்தில் 2012-இல் ஒரு டார்ச் லைட் உடைந்து, பிளாஸ்டிக் துண்டுகள் வே புரதத்தில், அதாவது பால் திரியும்போது பிரியும் தண்ணீரிலிருந்து எடுக்கும் புரதத்தில், விழுந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். சரி, மறுபடி பதப்படுத்தலாம் என்று முடிவு செய்தார்கள். அதற்கு, வெகுநாளாகச் சும்மா கிடந்த ஒரு குழாயைப் பயன்படுத்தினார்கள். அந்தக் குழாயில் அழுக்கு. கடைசியில் அந்த 38 டன் புரதம் பல நாடுகளுக்குப் போன குழந்தை உணவிலும் பானத்திலும் சேர்ந்துவிட்டது. 2013 ஆகஸ்டில் ‘பாட்டுலிசம் கிருமி இருக்கலாம்’ என்று, அதாவது உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமி இருக்கலாம் என்று அறிவித்தபோது, எந்தெந்தப் பொருளுக்குள் அது போயிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அந்த மாத இறுதியில், அது பாட்டுலிசம் கிருமியே இல்லை, வேறொன்று என்று தெரியவந்தது. அதற்குள் பல நாடுகளில் குழந்தைப் பால்மாவு டப்பாக்கள் கடை அலமாரியிலிருந்து இறங்கிவிட்டன. ஒரு டார்ச் லைட்டால் வந்தது!

சரி, தாம்பரத்து அம்மாவுக்கு வருகிறேன். அவர் படித்த பாதி நம்பரில் இயந்திர எண்ணும் மணியும் இருந்தன, தேதி இல்லை. ஒவ்வொரு இயந்திரத்திலும் மணிக்கு ஒரு பாக்கெட்டை எடுத்து, கெடு முடியும்வரை குளிர்பெட்டியில் வைத்திருப்போம். அன்றைய பாக்கெட், முந்தின நாள் பாக்கெட், இரண்டையும் எடுத்துக் காய்ச்சினோம். திரியவில்லை. சைலோ, டேங்கர், குளிரூட்டும் நிலையம் என்று வரிசையாகப் பதிவேடுகளைப் புரட்டினோம். அமிலத்தன்மை, வெப்பநிலை, எல்லாம் ஒழுங்கு. அதே மணிப் பால் வேறு நாலு ரூட்டுக்குப் போயிருந்தது, ஒரு புகாரும் இல்லை. ஆக, ஆலை வாசலைத் தாண்டும்போது பால் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இனி முன்பக்கம் போக வேண்டும். வண்டியிலிருந்து முகவர், முகவரிடமிருந்து கடை. முகவரிடம் எத்தனை டப், அதாவது பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி, இறங்கியது என்ற கணக்கு இருந்தது, எந்த பேட்ச் என்று இல்லை. கடையில் அதுவும் இல்லை. இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். பிரான்சில் லாக்டாலிஸ் நிறுவனத்தின் கிரான் ஆலைக் குழந்தைப் பால்மாவில் 2017-இல் சால்மோனெல்லா கிருமி வந்தபோது, 83 நாடுகளிலிருந்து 1 கோடியே 20 லட்சம் டப்பாக்களைத் திரும்பக் கேட்டார்கள். அப்படிக் கேட்ட பிறகும், அங்கே பெரிய பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளே அந்த டப்பாக்களில் சிலவற்றை விற்றிருக்கின்றன.

கடைக்காரரிடம் போனேன். குளிர்சாதனப் பெட்டி இருந்தது, அதன் மேலேயே ஒரு டப் நிறையப் பால் வெளியே இருந்தது. “நேத்து மிஞ்சினது ஏதாவது கலந்திருக்குமா?” என்று கேட்டேன். “இல்ல சார், எல்லாம் இன்னிக்குக் காலைல வந்ததுதான்.” பொய் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தேதி இருந்த மூலை அந்த அம்மா வீட்டுக் குப்பையில் கிடந்தது, குப்பை வண்டி வந்து போயிருந்தது. புகார் பதிவேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

நன்றி, வணக்கம்.